லேசர் சிகிச்சைக்கு முன்னும் பின்னும்: கண்ணின் கோணப் படங்கள் காட்டுவதும் காட்டாததும்

'கண் அழுத்தம்' என்னும் சொல்லைக் கேட்டவுடன் இரத்தக் கொதிப்பை நினைப்பவர் நம்மிடையே பலர். 'கண்ணில் புரை' என்பதையும் 'கண் அழுத்த நோய்' என்பதையும் ஒன்றெனக் கருதுவோரும் உளர். இவை மூன்றும் வெவ்வேறானவை. இரத்தக் கொதிப்பு குருதிக் குழாய்களைப் பற்றியது. புரை, கண்ணின் லென்சு மங்குவது. அதனை அறுவையால் நீக்கிப் பார்வையை மீட்கலாம். கண் அழுத்த நோயாகிய குளுக்கோமாவோ பார்வை நரம்பை அழிப்பது. அவ்வாறு அழிந்த பார்வை மீள்வதில்லை. மலேசியாவில் 2014ஆம் ஆண்டு நடைபெற்ற இரண்டாம் தேசியக் கண் ஆய்வு, 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடையே காணப்பட்ட பார்வையின்மையில் 6.6 விழுக்காட்டுக்குக் குளுக்கோமா காரணம் எனக் கண்டது.

குளுக்கோமாவில் திறந்த கோண வகை, மூடிய கோண வகை என இரு பெரும் பிரிவுகள் உண்டு. இரண்டாவது வகை ஆசிய மக்களிடையே மிகுதி. அது முற்றுமுன் லேசர் கதிரால் ஒரு சிறு துளையிட்டுத் தடுக்கும் முறை நெடுநாளாக வழக்கில் உள்ளது. இன்று அத்துளைக்கு முன்னும் பின்னும் கண்ணின் உட்புறத்தைப் படமெடுத்து ஒப்பிட முடிகின்றது. அப்படங்கள் எவற்றைக் காட்டுகின்றன, எவற்றைக் காட்டவில்லை என்பதை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம். நோயற்ற கண்ணில் சிகிச்சை செய்துகொள்வதா வேண்டாவா என்னும் முடிவை நம் வீட்டுப் பெரியவர்களும், நாற்பதைக் கடந்த ஆசிரியர்களும் எந்நாளும் எதிர்கொள்ள நேரலாம் என்பதால், இதனை அறிந்திருத்தல் பயனுடையது.

கண்ணுள் ஓடும் நீர்

கண்ணின் முன்புறத்தில் கடிகாரக் கண்ணாடிபோல் அமைந்த ஒளிபுகும் படலம் கார்னியா. அதன் பின்னே, கண்ணுக்கு நிறத்தைத் தரும் தசைத்திரை ஐரிஸ். அதன் நடுவிலுள்ள துளையே பாவை. பாவைக்குப் பின்னே லென்சு. கார்னியாவுக்கும் ஐரிஸுக்கும் இடைப்பட்ட வெளி முன்னறை எனப்படும். அதில் ஏறத்தாழ கால் மில்லிலிட்டர் தெளிந்த நீர் நிறைந்துள்ளது.

இந்நீர் தேங்கிக் கிடப்பதன்று, ஓடுவது. ஐரிஸின் பின்னேயுள்ள சிலியரி உறுப்பு நிமிடத்துக்கு இரண்டு மூன்று மைக்ரோலிட்டர் அளவில் இதனைச் சுரக்கின்றது. சுரந்த நீர் லென்சுக்கும் ஐரிஸுக்கும் இடையே புகுந்து, பாவை வழியாக முன்னறைக்கு வந்து, கார்னியாவும் ஐரிஸும் சந்திக்கும் மூலையில் உள்ள வலைத்திசுவினூடே வடிந்து, ஷ்லெம் கால்வாயை அடைந்து குருதியில் கலக்கின்றது. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கும் சற்று மேலான காலத்தில் முன்னறை நீர் முழுதும் புதிதாகிவிடும். சுரப்பும் வடிதலும் ஒத்திருக்கும்வரை கண்ணின் அழுத்தம் பொதுவாக 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குள் நிற்கும்.

வடிகால் அமைந்த அந்த மூலையே 'கோணம்'. சிலருடைய கண் பிறப்பிலேயே நீளம் குறைந்தது. தூரப்பார்வைக்கு மிகை லென்சுக் கண்ணாடி அணிவோர் பலர் இவ்வகையினர். வயது ஏற ஏற லென்சு தடித்து முன்னோக்கி வருகின்றது. அப்போது லென்சின் முன்புறத்தில் ஐரிஸ் அழுந்திப் படிய, பாவை வழியே நீர் வருவது தடைப்படும். இதனைப் பாவை அடைப்பு என்பர். பின்னே தேங்கிய நீர், காற்று நிறைந்த பாய்மரம்போல் ஐரிஸை முன்னோக்கி வளைக்கும். வளைந்த ஐரிஸின் ஓரம் கோணத்தை நெருக்கும்; சில வேளை முற்றும் மூடும். மழைநாளில் வீட்டுக் கூரைத் தாழ்வாரத்தின் நீர்க்குழாய் வாயில் இலை படிந்தால் என்ன நேருமோ அதுவே இங்கும் நேர்கின்றது.

ஐயநிலை, மூடல், நோய்

மருத்துவர்கள் இதனை மூன்று படிகளாகப் பகுப்பர். கோணம் குறுகியிருந்தும் அழுத்தம் ஏறாமல், ஒட்டுகள் தோன்றாமல், பார்வை நரம்பு நலமாக இருப்பது முதற்படி. இதனைக் கோண மூடல் ஐயநிலை எனலாம். ஐரிஸின் ஓரம் வலைத்திசுவோடு ஒட்டிக்கொள்வதோ அழுத்தம் ஏறுவதோ நிகழ்ந்தால் அது இரண்டாம் படியாகிய கோண மூடல். பார்வை நரம்பும் பழுதடைந்தால் அதுவே மூன்றாம் படியாகிய கோண மூடல் குளுக்கோமா.

இப்பாதை பெரும்பாலும் ஓசையின்றி நடப்பது. சிலருக்கு மட்டும் திடீரெனக் கோணம் முழுதும் மூடி, அழுத்தம் இரு மடங்குக்கும் மேல் ஏறி, கடுங்கண்வலி, தலைவலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம், கண் சிவத்தல், பார்வை மங்கல் ஆகியவை தோன்றும். வாந்தியும் தலைவலியும் முந்துவதால் இதனை வயிற்றுக் கோளாறென்றோ ஒற்றைத் தலைவலியென்றோ எண்ணிக் காலத்தை வீணாக்குவோர் உண்டு. இது மணிக்கணக்கில் பார்வையைப் பறிக்கும் அவசர நிலை. உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுதல் வேண்டும்.

தமிழ்நாட்டில் இந்நோய் அரிதன்று என்பதை இரு ஆய்வுகள் நிறுவின. சென்னை சங்கர நேத்ராலயா நடத்திய சென்னை குளுக்கோமா ஆய்வில், 40 வயதைக் கடந்தோருள் ஐயநிலையில் இருந்தோர் கிராமப்புறத்தில் 6.27 விழுக்காடு, நகர்ப்புறத்தில் 7.24 விழுக்காடு. குளுக்கோமாவாகவே முற்றியிருந்தோர் இரு புறத்தும் நூற்றுக்கு ஒருவரினும் சற்றுக் குறைவு. வேலூரில் 1995ஆம் ஆண்டில் ஐயநிலையினர் எனக் கண்டறியப்பட்டவர்களுள் 50 பேரை ஐந்தாண்டு கழித்து மீண்டும் சோதித்தபோது 11 பேர், அஃதாவது 22 விழுக்காட்டினர், இரண்டாம் படிக்குச் சென்றிருந்தனர். எனினும் அவர்களுள் ஒருவருக்கும் பார்வை நரம்பு பழுதுபட்டிருக்கவில்லை. இவ்விரு செய்திகளையும் சேர்த்தே நினைவிற் கொள்ள வேண்டும்.

சிங்கப்பூர் வாழ் இந்தியரிடையே நடந்த ஆய்வில், மூடிய கோண வகை திறந்த கோண வகையைவிட மிகக் குறைவாகவே காணப்பட்டது. ஆகவே ஜொகூரில் வாழும் தமிழர் அச்சங்கொள்ளத் தேவையில்லை. ஆனால் 'இது சீனருக்கு வரும் நோய், நமக்கில்லை' என்று புறக்கணித்தலும் ஆகாது. உடன்பிறந்தார் ஒருவருக்குக் குறுகிய கோணம் இருப்பின், ஏனையோருக்கும் அது இருக்கும் வாய்ப்புப் பல மடங்கு கூடுதல் என்பதைப் புதுச்சேரி அரவிந்த் கண் மருத்துவமனையில் நடந்த ஆய்வு காட்டியுள்ளது.

மறைந்த மூலையைக் காணும் வழிகள்

கோணத்தை நேரே நோக்கினால் காண இயலாது. அங்கிருந்து வரும் ஒளி கார்னியாவின் உட்புறத்திலேயே முழு அக எதிரொளிப்படைந்து திரும்பிவிடுகின்றது. பள்ளி இயற்பியலில் மாணவர் கற்கும் அதே விதிதான் இங்கே மருத்துவருக்குத் தடையாக நிற்கின்றது. கண்ணின்மேல் ஒரு லென்சை வைத்தால் அத்தடை நீங்கும். அதனுள் சாய்வாக அமைந்த ஆடி கோணத்தைக் காட்டும். கோனியோஸ்கோப்பி எனப்படும் இம்முறை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வளர்ந்தது. இன்றும் இதுவே அடிப்படைச் சோதனை. ஆயினும் இது சோதிப்பவரின் பயிற்சியைச் சார்ந்தது. லென்சைச் சற்று அழுத்தினாலும், விளக்கொளி பாவையிற் பட்டாலும் மூடிய கோணம் திறந்ததுபோல் தோன்றக்கூடும்.

இரண்டாவது வழி மீயொலி. 1990ஆம் ஆண்டையொட்டிக் கனடாவின் டொராண்டோவில் சார்லஸ் பாவ்லினும் ஸ்டூவர்ட் ஃபாஸ்டரும் உருவாக்கிய மீயொலி நுண்ணோக்கி, ஐரிஸின் பின்னேயுள்ள சிலியரி உறுப்பையும் காட்டவல்லது. அதற்கு நோயாளி படுத்திருக்க, கண்ணின்மேல் நீர்மம் நிறைத்த கிண்ணத்தை வைத்துச் சோதிப்பது வழக்கம்.

மூன்றாவது, இன்று பெரிதும் பயன்படும் ஓ.சி.டி. எனப்படும் ஒளிப்படமுறை. இதன் முதற்கட்டுரை 1991ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸிலிருந்து வெளிவந்தது. பாறையில் மோதித் திரும்பும் எதிரொலிக்கு ஆகும் நேரத்தைக் கொண்டு பாறையின் தொலைவை அறிவதுபோல, திசுவின் ஒவ்வோர் அடுக்கிலும் பட்டுத் திரும்பும் ஒளியைக் கொண்டு அடுக்கின் ஆழத்தை இது அறிகின்றது. ஒளியின் வேகத்தை நேரடியாக நேரங்கணிக்க இயலாமையால், திரும்பிய ஒளியை ஓர் ஒப்பீட்டு ஒளியோடு கலந்து, அவற்றின் குறுக்கீட்டால் தொலைவைக் கணக்கிடுகின்றனர். முன்கண்ணுக்கான கருவியில் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பொளி பயன்படுகின்றது. கருவி கண்ணைத் தொடுவதில்லை, வலியில்லை, நொடிகளில் படம் கிடைக்கும். இருட்டிலும் எடுக்கலாம் என்பது தனிச்சிறப்பு. இருளில் பாவை விரிய, ஐரிஸின் ஓரம் தடித்துக் கோணத்தை நெருக்கும். ஒளியில் திறந்திருந்த கோணம் இருளில் மூடுவதை இப்படம் காட்டிவிடும். ஆனால் ஐரிஸின் நிறமியை ஒளி ஊடுருவாமையால் அதன் பின்னே இருப்பது தெளிவாகத் தெரியாது.

லேசர் செய்வது யாது?

1857ஆம் ஆண்டிலேயே ஜெர்மானிய மருத்துவர் ஆல்பிரெக்ட் ஃபான் கிராஃபே, ஐரிஸின் ஒரு பகுதியை அறுவையால் நீக்கினால் குளுக்கோமா தணிவதை எழுதினார். அது ஏன் தணிகின்றது என்பதை, பாவை அடைப்பு என்னும் கருத்தால் 1920இல் கரன் என்பவர் விளக்கினார். கத்தி செய்த பணியை இன்று லேசர் செய்கின்றது.

கண்ணில் மருந்துத் துளியிட்டுப் பாவையைச் சுருக்குவர். பிறிதொரு துளியால் மரத்துப்போகச் செய்வர். பின் ஒரு லென்சை வைத்து யாக் லேசரால் ஐரிஸின் ஓரத்தில் மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவில் ஒரு துளையிடுவர். சில நிமிடங்களில் முடியும் இச்சிகிச்சைக்குப்பின் நோயாளி அன்றே வீடு திரும்பலாம். துளை ஏற்பட்டதும் ஐரிஸின் பின்னே தேங்கிய நீர் பாவையை நம்பாமல் நேரே முன்னறைக்கு வரும். இருபுறமும் அழுத்தம் சமமாகும். பாய்மரத்தில் காற்று நீங்கினாற்போல் ஐரிஸ் தட்டையாகும். சிலருக்குச் சற்று நேரம் அழுத்தம் ஏறலாம். சிறு இரத்தக்கசிவும் அழற்சியும் தோன்றலாம். சிலர் கண்கூச்சமோ ஒளிக்கோடோ தோன்றுவதாகச் சொல்வர். அதனால்தான் சிகிச்சைக்குப்பின் அழுத்தத்தை அளந்து பார்ப்பதும், சில நாள்களுக்குச் சொட்டு மருந்து தருவதும் வழக்கமாயின.

முன்னும் பின்னும்

படங்களை ஒப்பிடப் பொது அளவு வேண்டும். கோணத்தின் ஓரத்தில் ஸ்கிளீரல் ஸ்பர் எனப்படும் சிறு மேடு ஒன்றுண்டு. அங்கிருந்து கார்னியாவின் உட்சுவரை ஒட்டி அரை மில்லிமீட்டர் சென்று, அவ்விடத்திலிருந்து ஐரிஸை நோக்கிச் செங்குத்துக் கோடு வரைந்தால், அதன் நீளமே கோணத் திறப்புத் தொலைவு. இதனோடு ஐரிஸின் வளைவு, தடிப்பு, முன்னறையின் ஆழம், லென்சு எவ்வளவு முன்தள்ளி நிற்கின்றது என்பவற்றையும் அளப்பர்.

தென்னிந்தியக் கண்களில் லேசருக்கு முன்னும் பின்னும் இவ்வாறு அளந்த ஆய்வொன்றை அரவிந்த் கண் மருத்துவமனையினரும் அமெரிக்க ஆய்வாளரும் சேர்ந்து 2016இல் வெளியிட்டனர். சிகிச்சைக்குப்பின் கோணம் விரிந்ததையும் ஐரிஸ் தட்டையானதையும் அது காட்டியது. பிற நாட்டு ஆய்வுகளும் இதனையே கூறுகின்றன. ஐரிஸ் எவ்வளவு வளைந்திருந்ததோ அவ்வளவுக்குப் பயன் கூடுதல். வளைவு பாவை அடைப்பின் அடையாளம் ஆதலின் இது இயல்பே. முன்னறையின் நடு ஆழமோ பெரிதும் மாறுவதில்லை. துளை ஐரிஸைத்தான் தளர்த்துகின்றது. லென்சு இருந்த இடத்திலேயே இருக்கின்றது. ஒரே படத்தில் ஒன்று மாறுவதும் மற்றொன்று மாறாததும் நோயின் காரணத்தை நமக்குக் கற்பிக்கின்றன.

எல்லாக் கண்களும் ஒருபடித்தாக விரிவதில்லை. சீனாவின் குவாங்சோவில் நடந்த லிவான் கண் ஆய்வில், ஐயநிலையினருள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினருக்குத் துளையிட்ட பின்னும் கோணம் மூடியே இருந்தது. அத்தகைய கண்களில் ஐரிஸ் தடித்தும், சிலியரி உறுப்பு முன்தள்ளியும் இருப்பதை மீயொலிப் படம் காட்டிற்று. பாவை அடைப்பு இல்லாத இடத்தில் துளையால் என்ன பயன்? மேலும், விரிந்த கோணம் என்றும் விரிந்தே நிற்பதுமில்லை. குவாங்சோவிலேயே பின்னர் எடுத்த தொடர்படங்களில், இரண்டு வாரத்தில் விரிந்து ஆறு மாதம்வரை நிலைத்த கோணம், பதினெட்டாம் மாதத்தில் மீண்டும் குறுகத் தொடங்கியிருந்தது. லென்சு தடித்துக்கொண்டே போவது நிற்பதில்லை அன்றோ?

கோணம் விரிந்தால் பார்வை காக்கப்பட்டதா?

இங்கேதான் மாணவர் ஒரு நுட்பத்தை உணர வேண்டும். படத்தில் அளவு மாறியது என்பது ஒன்று. மனிதருக்கு நன்மை விளைந்தது என்பது வேறொன்று. முன்னதைக் கொண்டு பின்னதை முடிவு செய்துவிடலாகாது. பின்னதை அறிய, சிகிச்சை பெற்ற கண்களையும் பெறாத கண்களையும் ஆண்டுக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

அவ்வாறே செய்தது குவாங்சோவின் சோங்ஷான் ஆய்வு. 50 முதல் 70 வயதுவரையுள்ள ஐயநிலையினர் 889 பேர். ஒவ்வொருவருக்கும் குலுக்கல் முறையில் தேர்ந்த ஒரு கண்ணில் மட்டும் துளையிட்டு, மறுகண்ணை அப்படியே விட்டு, ஆறு ஆண்டுகள் கண்காணித்தனர். ஒருவருடைய இரு கண்களுமே ஒப்பீட்டுக்குரியவை ஆதலின் வயது, உணவு, மரபு என்னும் வேறுபாடுகள் குறுக்கிடவில்லை. 2019இல் வெளியான முடிவின்படி, நோய் அடுத்த படிக்கு முற்றியவை துளையிட்ட கண்களில் 19; இடாத கண்களில் 36. பாதியளவு குறைந்தது என்று இதனைச் சொல்லலாம். ஆயினும் ஆயிரம் கண்களை ஓராண்டு கண்காணித்தால் 7.97 நேர்வது 4.19 ஆகக் குறைந்தது என்றும் சொல்லலாம். வேறுபாடு 3.78. ஆறு ஆண்டுகளுக்கு ஆயிரம் கண்களில் ஏறத்தாழ 23. எனவே ஒரு கண்ணைக் காக்க 44 கண்களில் துளையிட வேண்டும். அந்நேர்வுகளுள்ளும் பெரும்பாலானவை ஒட்டுகள், பார்வையிழப்பு அன்று. ஆகவே, ஐயநிலையினர் எல்லார்க்கும் பொதுவாக இதனைச் செய்தல் தேவையில்லை என ஆய்வாளர் முடிவுரைத்தனர்.

நம் அண்டையிலுள்ள சிங்கப்பூரில் 480 பேரிடம் இதே முறையில் நடந்த ஆய்வின் ஐந்தாண்டு முடிவு 2022இல் வெளிவந்தது. துளையிட்ட கண்களில் 24, இடாத கண்களில் 45 முற்றின. வேறுபாடு 21, 480ஐ 21ஆல் வகுத்தால் ஏறத்தாழ 23 வருகின்றது. மருத்துவமனைக்கு வந்தோரிடம் முற்றும் வீதம் கூடுதலாக இருந்தமையால் பயனும் கூடுதலாயிற்று. 'பாதியாகக் குறைந்தது' என்னும் சொற்றொடர் இரு ஆய்வுகளுக்கும் பொருந்தும். ஆனால் ஒருவரைக் காக்க எத்தனை பேருக்குச் சிகிச்சை என்னும் கேள்விக்கு விடை இரு மடங்கு வேறுபடுகின்றது. கணித ஆசிரியர்கள் வகுப்பறையில் எடுத்துக்காட்டத் தக்க பாடம் இது.

இரண்டாம், மூன்றாம் படியினருக்கு நிலைமை வேறு. அவர்களுக்குச் சிகிச்சை கட்டாயம். அவர்களுள்ளும் 50 வயதைக் கடந்தோருக்கு, புரை முற்றாதபோதும் லென்சையே நீக்கிச் செயற்கை லென்சு பொருத்துவது லேசரினும் நற்பயன் தருவதை, 2016இல் வெளியான ஈகிள் ஆய்வு காட்டியது. அதில் பங்கேற்ற 419 பேருள் மலேசிய மருத்துவமனைகளின் நோயாளிகளும் அடங்குவர்.

முடிவெடுப்போர் அறிய வேண்டுவன

ஐயநிலையினர் எனச் சொல்லப்பட்டவர் மருத்துவரிடம் சில வினாக்களைக் கேட்டறிதல் நன்று. கோனியோஸ்கோப்பி செய்யப்பட்டதா, அல்லது படம் மட்டும் எடுக்கப்பட்டதா? கோனியோஸ்கோப்பியில் திறந்ததாகத் தெரியும் கோணங்களுள் சிலவற்றை ஓ.சி.டி. படம் மூடியதாகக் காட்டுவதுண்டு. எனவே படம் ஒன்றையே சான்றாகக் கொள்ளலாகாது. ஒட்டுகள் உள்ளனவா? அழுத்தம் எவ்வளவு? பார்வை நரம்பு நலமா? குடும்பத்தில் யாருக்கேனும் இந்நோய் உண்டா?

நீரிழிவுக்காகப் பாவையை அடிக்கடி விரித்துச் சோதிக்க வேண்டியவர், குடும்பத்தில் இந்நோய் உடையவர், திடீர் வலி வந்தால் விரைந்து மருத்துவமனையை அடைய இயலாத தொலைவில் வாழ்பவர் ஆகியோருக்கு மருத்துவர் துளையைப் பரிந்துரைக்கலாம். ஏனையோருக்கு ஆண்டுதோறும் சோதனையே போதுமானதாக இருக்கலாம். துளையிட்டவரும் 'இனிக் கவலையில்லை' என்று சோதனையை நிறுத்திவிடலாகாது. விரிந்த கோணம் மீண்டும் குறுகக்கூடும் என்பதைப் படங்களே காட்டின. சளி, ஒவ்வாமை ஆகியவற்றுக்கான சில மருந்துகள் பாவையை விரிக்கும் இயல்புடையவை. ஐயநிலையினர் மருந்தகத்தில் அவற்றை வாங்குமுன் தம் கண்ணின் நிலையைச் சொல்லுதல் நலம்.

மருத்துவமனையில் மலாயும் ஆங்கிலமும் வழங்க, வீட்டுக்கு வந்தபின் அம்மாவுக்கும் அத்தைக்கும் தமிழில் விளக்கிச் சொல்லும் பொறுப்பு பெரும்பாலும் படித்த பிள்ளைகளையே சாரும். 'கண்ணில் ஓட்டை போடுகிறார்களாம்' என்று சொன்னால் அச்சம் பிறக்கும். 'சின்ன லேசர்தான், ஒன்றுமில்லை' என்று சொன்னால் அலட்சியம் பிறக்கும். 'நீர் வடியும் வழி குறுகியிருக்கின்றது. மாற்றுவழி ஒன்று திறக்கலாம். திறந்தால் இன்ன பயன், திறக்காவிட்டால் இன்ன கவனம்' என்று சொன்னால் அவர்கள் தாமே முடிவெடுப்பர். அதற்கான சொற்கள் தமிழில் உள்ளன. அவற்றைத் துல்லியமாகப் பயன்படுத்துவது நோயாளிக்குச் செய்யும் உதவிகளுள் ஒன்றாகும்.